ரசலையன் கண்டுபிடித்த ஒற்றன்

ரசலையனிடம் யாராவது சும்மா "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால்கூட உடனே பதில் வராது. இவன் எதற்கு இதைக் கேட்கிறான், நான் சாப்பிட்டால் இவனுக்கு என்ன, சாப்பிடாவிட்டால் என்ன என்று உள்ளுக்குள் ஒரு விசாரணை நடந்து முடிய வேண்டும். அதற்குள் கேட்டவர் தன் வழியில் போய்விடுவார். உடனே ரசலையன் மனைவி லீலாபாயிடம் திரும்பி, "பாத்தியா, பதிலக் கேக்காமப் போறான். என்னமோ இருக்கு," என்பார்.

இரணியல் ரயில் நிலையத்துக்குப் போகிற சாலையில் பெத்தேல் சவுண்ட்ஸ் என்ற மைக்செட் கடை அவருடையது. கல்யாணம், கோயில் கொடை, சபையின் அசன விருந்து, கட்சிக் கூட்டம், கபடிப் போட்டி, எதுவானாலும் கூம்புக் குழாயும் பாக்ஸும் ஆம்ப்ளிபயரும் அவர் கடையிலிருந்து டெம்போவில் ஏறிப் போகும். காலையில் அம்மன் கோயிலில் பக்திப் பாட்டுப் போட்ட அதே கையால் மாலையில் சபையில் ஞானப்பாட்டுப் போடுவார். இரண்டு இடத்திலும் கமிட்டிக்காரர்கள் சத்தத்தைக் கூட்டச் சொல்வார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் குறைக்கச் சொல்வார்கள். அந்த வகையில் அவருக்கு மதபேதம் கிடையாது.

அவருடைய சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. தொழிலில் இறங்கிய புதிதில் ஒருவருக்கு இரவல் கொடுத்த ஆம்ப்ளிபயர் திரும்பி வந்தது. வெளியே அதே பெட்டி, அதே கீறல். கழற்றிப் பார்த்தால் உள்ளே டிரான்ஸ்பார்மர் வேறு. அன்றைக்குப் போனது அவருடைய நிம்மதி. அதன்பின் தன் சாமான் ஒவ்வொன்றையும் கழற்றி, அதன் வயிற்றுக்குள் சிவப்பு நெயில்பாலிஷால் ஒரு சிலுவை போட்டு மூடிவைத்தார். நெயில்பாலிஷ் வாங்கப் போன இடத்தில் கடைக்காரப் பெண் "யாருக்கு?" என்று கேட்டதும் அவளையும் சந்தேகப்பட்டார்.

மனிதருக்கு உள்ளே சிலுவை போட முடியாது. அதற்கு அவரிடம் கேள்விகள் இருந்தன. எந்த ஊரு, எந்த சபை, அப்பா பேரு என்ன, அம்மைக்கு எந்த ஊரு, அம்மைக்க கூடப்பிறந்தவங்க எங்க இருக்காவ, வீட்டில் யார் வெளிநாட்டில். நாஞ்சில் நாட்டில் எல்லோரும் கேட்கிற கேள்விகள்தான். மற்றவர்கள் பேச்சுக்குக் கேட்பார்கள், ரசலையன் போலீஸ்காரரைப் போலக் கேட்பார். லீலாபாயைப் பெண் பார்க்கப் போனபோது அவளுடைய தாய்மாமனை உட்காரவைத்து அவர் கேட்ட கேள்விகளில் அந்த மனிதருக்கு வியர்த்துவிட்டது. கேள்விகளின் கடைசியில் எங்கேயாவது ஒரு சொந்தம், ஒரு தெரிந்த குடும்பம் தட்டுப்பட்டால் ரசலையன் முகம் மலர்ந்துவிடும். அதற்குமேல் விசாரணை கிடையாது. வேர் தெரிந்த மரம் நம்முடைய மரம் என்பது அவர் கணக்கு.

இப்படிப்பட்டவருக்கும் ஒரு சிநேகிதன் இருந்தான். தோவாளையில் மைக்செட் வைத்திருந்த கிருஷ்ணமணி. மைக்செட்காரர்கள் தொழிலில் போட்டியாளர்கள், சாமானில் கூட்டாளிகள். பெரிய திருவிழாவுக்கு வேண்டிய அத்தனை குழாயும் ஜெனரேட்டரும் யாரிடமும் தனியாக இருக்காது. ஒருவரிடமிருந்து ஒருவர் இரவல் வாங்கித்தான் பிழைப்பு ஓடும். குளச்சலில் ஒரு திருவிழாவின்போது ரசலையனின் ஜெனரேட்டர் படுத்துவிட்டது. மாவட்டத்தின் அந்த முனையிலிருந்து இந்த முனைக்குத் தன்னுடையதைக் கொண்டுவந்து இறக்கியவன் கிருஷ்ணமணி. அவன் போன பிறகு ரசலையன் ஜெனரேட்டரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஏன் வந்தான் என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் அன்றுமுதல் அவனை மக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்.

பாட்டுகளுக்கும் இதே இரவல் முறைதான் இருந்தது. முதலில் கேசட், பிறகு சிடி, பிறகு பென்டிரைவ். லீலாபாயின் தம்பி எபிசன் துபாயில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன், சும்மா இருக்க முடியாமல் இதற்கு ஒரு வழி செய்தான். மாவட்டத்து மைக்செட்காரர்களின் கம்ப்யூட்டர்களில் ஒரு சின்ன மென்பொருளை ஏற்றினான். அதன்பின் குழித்துறைக்காரனின் கம்ப்யூட்டரில் இருக்கிற பாட்டு தோவாளைக்காரனுக்குத் தெரியும், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். பாட்டுகள் எல்லாம் குவிந்துகிடக்கிற தனி இடம் என்று எதுவும் இல்லை. ஒவ்வொருவர் வீட்டுக் கம்ப்யூட்டரும் ஒரு கடை, ஒவ்வொருவரும் கடைக்காரர், ஒவ்வொருவரும் வாடிக்கையாளர். எடுக்கிறவன் கொடுக்கவும் வேண்டும் என்பது ஒரு விதி. புதிதாகச் சேருகிறவருக்குப் பழைய ஆள் ஒருவர் ஜாமீன் சொல்ல வேண்டும் என்பது இன்னொன்று. சேர்ந்தவர் பெயருக்குப் பக்கத்தில் சேர்த்துவிட்டவர் பெயரும் திரையில் நிற்கும்.

இரண்டாவது விதி ரசலையனின் யோசனை. அதற்காக அவரை எல்லோரும் பாராட்டினார்கள். ஏன் பாராட்டுகிறார்கள் என்று அவர் கொஞ்ச நாள் யோசித்தார்.

அவருடைய ஜாமீனில் வந்தவர் ஒரே ஒரு ஆள். நெய்யூர்ப் பக்கமிருந்து ஸ்கூட்டரில் ஒரு பெண் கடைக்கு வந்தாள். பெயர் ஜெஸ்மி. "மாமா, உங்க பாட்டு குரூப்புல என்னையும் சேப்பியளா?" என்று கேட்டாள். ரசலையன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். சபை சொன்னாள். போதகர் பெயர் சொன்னாள். அப்பா ஞானையன் என்றாள்.

"எந்த ஞானையன்? பள்ளிக்கூடத்துல வேல பாத்த ஞானையனா?"

"ஆமா மாமா. ரிட்டையர்டு ஆயாச்சு."

"அப்ப ஒனக்க அம்மைக்கு எந்த ஊரு?"

அம்மாவின் ஊரைச் சொன்னதும் உள்ளேயிருந்து லீலாபாயே வெளியே வந்துவிட்டாள். ஜெஸ்மியின் பெரியம்மாவைக் கட்டிக்கொடுத்தது லீலாபாயின் சித்தப்பா வீட்டில்.

"ஏட்டி, நீ நம்ம பிள்ளையல்லா!" என்றார் ரசலையன். "கொயர்ல பாடுவியா?"

"பாடுவேன் மாமா."

லீலாபாய் முந்திரிக்கொத்தும் காப்பியும் கொடுத்தாள். பெண் போவதற்குள் ரசலையன் அவளைச் சேர்த்துவிட்டார். கொயருக்குப் பாட்டு எடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். அவள் அப்படிச் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

இது நடந்து மாதங்கள் போயின. ஒருநாள் குளச்சலில் ஜஸ்டஸைப் போலீஸ் பிடித்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் செல்போன் கடையும் சின்ன மைக்செட்டும் வைத்திருந்தவன் ஜஸ்டஸ். வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்கிற விசைப்படகுக்காரர்களுக்கு அங்கே நெட் கிடையாது. ஆகவே கரையை விடுமுன் ஜஸ்டஸிடம் காசு கொடுத்துப் பென்டிரைவில் பாட்டு ஏற்றிக்கொண்டு போவார்கள். சென்னையில் ஒரு இசைக் கம்பெனி பழைய கேசட் கம்பெனிகளின் உரிமைகளையெல்லாம் மொத்தமாக வாங்கி வைத்திருந்தது. அவர்கள் கொடுத்த புகாரில் ஜஸ்டஸின் கம்ப்யூட்டரையும் போனையும் எடுத்துக்கொண்டு அவனையும் கூட்டிப்போனார்கள். காப்புரிமைச் சட்டம் என்று ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது.

எபிசன் அன்றைக்கே எல்லோரையும் போனில் விளித்து மென்பொருளைக் கழற்றச் சொன்னான். கழற்றினார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை. அடுத்த வாரமே ஒவ்வொரு வீடாக வக்கீல் நோட்டீஸ் வந்தது. இன்னின்ன பாடல்களை அனுமதியில்லாமல் பகிர்ந்தீர்கள், நஷ்ட ஈடு தரவேண்டும், தவறினால் வழக்கு. பாட்டுகளின் பெயர்கள் எல்லாம் சரியாக இருந்தன. ரசலையன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"காசு குடுத்து கேசட்டு வாங்கினது நானு. அத இன்னொருத்தனுக்கு கேக்கக் குடுத்தா இவனுவளுக்கு என்ன?" என்று லீலாபாயிடம் கத்தினார். கத்தி முடித்ததும் உண்மையான பயம் வந்தது. கடையைப் பூட்டிவிடுவார்களோ, ஜஸ்டஸைப் போலத் தன்னையும் ஜீப்பில் ஏற்றுவார்களோ. அந்தப் பயத்தில் யாரும் ஜஸ்டஸ் வீட்டுப் பக்கம் போகவில்லை. அவன் மனைவி செசிலி ஒருமுறை வேறு யாருடைய போனிலிருந்தோ விளித்தாள். ரசலையன் எடுக்கவில்லை. போலீஸ் ஒட்டுக்கேட்கும் என்று நினைத்தார்.

பயம் ஆறியதும் கேள்வி எழுந்தது. உள்ளே இருக்கிற ஆள் காட்டிக்கொடுக்காமல் இவ்வளவு சரியாக எப்படித் தெரியும்?

இந்தக் கேள்வி ரசலையனுக்குப் பலகாரம் மாதிரி. வாழ்நாள் முழுக்க அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை, இப்போது ஒவ்வொருவராக அவரை விளித்து யாராக இருக்கும் என்று கேட்டார்கள். ஒவ்வொருவரையும் அவர் மனதுக்குள் கழற்றிப் பார்த்தார். மச்சினன் என்றும் பாராமல் எபிசனைச் சந்தேகப்பட்டு, அவன் புதிதாக வாங்கிய பைக்கின் விலையை விசாரித்தார். கருங்கல்காரன் ஒருவன் போனில் பேசும்போது தொண்டையைச் செருமினான் என்பதற்காக அவன்மேல் கொஞ்ச நாள் கண் வைத்திருந்தார். ஜெஸ்மி அவர் நினைவுக்கே வரவில்லை. அவள் வேர் தெரிந்த பிள்ளை.

பிறகு ஒரு செய்தி காதில் விழுந்தது. எல்லோருக்கும் நோட்டீஸ் வந்திருக்கிறது, கிருஷ்ணமணிக்கு மட்டும் வரவில்லை.

அதை நம்பக் கூடாது என்றுதான் ரசலையன் முதலில் நினைத்தார். அப்படி ஒரு பெருந்தன்மை தனக்கு இருப்பதை எண்ணி அவரே ஆச்சரியப்பட்டார். நேராக அவனை விளித்துக் கேட்டார்.

"மக்கா, ஒனக்கு கடிதாசு வரல்லியா?"

"இல்லியே," என்றான் கிருஷ்ணமணி. "எனக்கு எதுக்கு வருகு?"

ஒரு மனிதன் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். 'வரும் போல இருக்கு' என்றோ 'எனக்கும் பயமாத்தான் இருக்கு' என்றோ. எனக்கு எதுக்கு வருகு! அந்த வார்த்தையை ரசலையன் வீட்டுக்குள் நடந்துகொண்டே பலதடவை சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல அதில் ஒரு தெனாவட்டு கேட்டது.

மறு வாரம் இரணியல் கோர்ட்டு வாசலில் கிருஷ்ணமணியைப் பார்த்தார். ரசலையன் எதிர்ப்பக்கம் ஒயர் வாங்கிக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி கட்டி, கையில் ஒரு பிளாஸ்டிக் கவரோடு, ஒரு வக்கீலின் பின்னால் கிருஷ்ணமணி படியேறிப் போனான். தோவாளைக்காரனுக்கு இரணியல் கோர்ட்டில் என்ன வேலை? வேலை இருந்தால் இரணியலில் இருக்கிற சிநேகிதனிடம் சொல்லாமல் ஏன் வந்தான்? ரசலையன் வாங்கிய ஒயரைக் கடையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"ஆளு அவன்தான்," என்றார் லீலாபாயிடம்.

"நேருல போயி கேட்டாத்தான் என்ன?" என்றாள் அவள்.

"கேட்டா கள்ளன் ஒத்துக்கிடுவானா?"

அவர் முகத்தில் அன்று ஒரு வெளிச்சம் இருந்தது என்று லீலாபாய் பிறகு எபிசனிடம் சொன்னாள். உண்மைதான். அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. முன்பு ஜெனரேட்டரைக் கொண்டுவந்து இறக்கினானே, அது ஏன் என்றுகூட இப்போது விளங்கிவிட்டது. தன்னை மயக்கி வைக்கத்தான். மைக்செட் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் மைக்கில் அறிவிப்புச் சொல்கிற கணீர்க் குரலில் பேசிப் போட்டார். "நம்ம சங்கத்துக்குள்ள ஒரு யூதாஸ் இருக்கியான். தோவாளை கிருஷ்ணமணி. எல்லாருக்கும் வந்த நோட்டீசு அவனுக்கு மட்டும் வரல்ல. கோர்ட்டுல கம்பெனி வக்கீலுக்க பொறத்தால போனத நான் எனக்க கண்ணால கண்டேன். இனி இவனுக்கு ஒரு துண்டு ஒயரு குடுக்கவன் சங்கத்துக்குத் துரோகி." அது யாருடைய வக்கீல் என்று அவருக்குத் தெரியாது. பேசுகிற வேகத்தில் கம்பெனி வக்கீல் என்று வந்துவிட்டது. பிறகு அவரும் அதை நம்பிவிட்டார்.

கிருஷ்ணமணி குழுவில் ஒரே ஒரு வரி எழுதினான். 'அவன் சொல்லது உள்ளதில்ல.' அவ்வளவுதான். அதையும் எல்லோரும் ஒத்துக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டார்கள். குழுவைப் பார்த்துக்கொண்டிருந்த எபிசன் அவனை அதிலிருந்து நீக்கினான்.

பங்குனி வந்தது, கொடைக்காலம். கிருஷ்ணமணி வழக்கம்போல ஒரு பெரிய கோயில் கொடையை ஏற்றிருந்தான். யாரும் இரவல் தரவில்லை. கடைசியில் டெம்போவை எடுத்துக்கொண்டு நேராக ரசலையன் கடைக்கு வந்தான். சண்டை போடவில்லை. "மக்கா, என்னைப் பத்தி என்ன வேணா நினை. ரெண்டு நாளைக்கு ஜெனரேட்டரத் தா. கோயில் காரியம்," என்றான். ஜெனரேட்டர் அவர்கள் இருவருக்கும் நடுவில்தான் நின்றது.

"ரிப்பேரு," என்றார் ரசலையன்.

கிருஷ்ணமணி ஜெனரேட்டரைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். கொடையன்று சாமி அழைப்பு நேரத்தில் கரண்ட் போனது, சத்தமும் போனது. கமிட்டிக்காரர்கள் ஊர்முன்னால் வைத்து அவனைப் பேசிய பேச்சு தோவாளை முழுக்கப் பரவியது. அதன்பின் அந்தப் பக்கத்தில் அவனுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. வைகாசிக்குள் ஆம்ப்ளிபயர்களை விற்றுவிட்டான். பூச்சந்தையில் மூட்டை தூக்குகிறான் என்று சொன்னார்கள். கேட்டபோது ரசலையன் தலையை ஆட்டினார். பாவமாக இருக்கிறதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். இல்லை.

கம்பெனிக்கும் வழக்கை இழுக்க விருப்பமில்லை. இனி இப்படிப் பகிரமாட்டோம், கட்டணம் கட்டி உரிமம் எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதிக்கொடுத்தால் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். சங்கத்தில் எல்லோரும் சம்மதித்தார்கள். ஒவ்வொருவராகப் போய் நாகர்கோவிலில் கம்பெனியின் வக்கீல் அலுவலகத்தில் கையெழுத்துப் போடவேண்டும். ரசலையன் ஒரு செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் போனார். உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் எழுந்து நின்றாள்.

"வாங்க மாமா," என்றாள் ஜெஸ்மி.

ரசலையனுக்கு முதலில் மகிழ்ச்சிதான் வந்தது. தெரிந்த பிள்ளை இருக்கிறாள், காரியம் சுலபமாக முடியும்.

"ஏட்டி, நீ இஞ்ச என்ன செய்யுதா?"

"இஞ்சதான் மாமா வேல. ரெண்டு வருஷமா."

ரசலையன் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த இரண்டு வருஷத்தை மனதில் திருப்பிப் பார்த்தார். ஸ்கூட்டர் வந்த நாள் அதற்குள்தான் இருந்தது. கையிலிருந்த பேனாவை மேசைமேல் வைத்தார்.

"நீயா?"

ஜெஸ்மி தலையைக் குனியவில்லை. "சார் சொன்னாரு, யாரெல்லாம் என்ன பாட்டு பகிருதாவண்ணு உள்ள போயி பாத்து எழுதணும்ணு. வேலையல்லா மாமா. நான் உங்ககிட்ட ஒரு பொய்யும் பறையல்ல. எந்த சபைண்ணு கேட்டிய, சொன்னேன். அம்மைக்க ஊரக் கேட்டிய, சொன்னேன். என்ன வேல பாக்குதாண்ணு நீங்க கேக்கவே இல்லியே."

ரசலையனுக்குக் கோபம் வந்தது. "பாட்டுக்குப் போயி ஆள ஜெயில்ல வைப்பியளா?"

"மாமா, உங்க ஆம்ப்ளிபயர ஒருத்தன் எடுத்து ஊரெல்லாம் குடுத்தா விடுவியளா?"

"அது வேற. ஆம்ப்ளிபயரக் குடுத்தா பின்ன எனக்க கையில இருக்காது. பாட்டு குடுத்தாலும் எனக்க கையில இருக்கும்லா?"

"அதான் மாமா கேசே," என்றாள் ஜெஸ்மி.

ரசலையனுக்குக் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருந்தது. கேட்டால் என்ன வரும் என்று ஏறக்குறைய தெரிந்திருந்தும் கேட்டார்.

"கிருஷ்ணமணிக்கு ஏன் நோட்டீசு இல்ல?"

"தோவாளைக்காரரா? அவரு பகிர்ந்தது ஒக்க வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும். கோயில்ல வச்சு அவரே பதிஞ்சது. எங்க கம்பெனி பாட்டு ஒண்ணுகூட அவருக்க பேருல இல்ல. பின்ன எப்படி நோட்டீசு அனுப்ப?" என்றவள் ஏதோ நினைவு வந்தவளாக, "நல்ல மனுஷன் மாமா. குளச்சல் ஜஸ்டஸுக்கு ஜாமீன் நிக்க ஒருத்தரும் வரல்ல. அவருதான் நிலத்துக்கு தீர்வை கட்டின ரசீதையும் எடுத்துக்கிட்டு இரணியல் கோர்ட்டுக்கு வந்தாரு," என்றாள்.

ரசலையன் எங்கே கையெழுத்துப் போட்டோம் என்று பார்க்காமல் போட்டார். வெளியே வந்தவர் இரணியல் பஸ்ஸில் ஏறவில்லை. தோவாளை பஸ்ஸில் ஏறினார். வழியெல்லாம் அவர் மனம் தப்பிக்க ஒரு சந்து தேடியது. ஒருவேளை ஜெஸ்மியும் கிருஷ்ணமணியும் சேர்ந்தவர்களாக இருந்தால்? ஒழுகினசேரி தாண்டும்வரை அதைப் பிடித்துக்கொண்டு வந்தார். பிறகு அது நிற்கவில்லை.

கிருஷ்ணமணி வீட்டில் இருந்தான். சந்தை முடிந்து வந்து குளித்துவிட்டுத் துண்டோடு உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி பகவதி கூடையில் பிச்சிப்பூ வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். ரசலையனைக் கண்டதும் அவள் கை நின்றது. கிருஷ்ணமணி நாற்காலியைக் காட்டினான்.

ரசலையன் உட்காரவில்லை. "நெய்யூர்ப் பிள்ளை ஒருத்திய நாந்தான் சேத்தேன். அவ கம்பெனி ஆளு. எனக்குத் தெரியாது மக்கா. இன்னைக்குத்தான்..."

"எனக்குத் தெரியும்," என்றான் கிருஷ்ணமணி.

"எப்ப?"

"ஜஸ்டஸப் பிடிச்ச அன்னைக்கே. புதுசா ஒருத்தி வந்திருக்கா, எல்லாருக்க பாட்டையும் திறந்து திறந்து பாக்கா, அவ பங்குக்கு ஒண்ணும் தரல்ல. பாட்டு வேண்டியவ அப்படியா செய்வா? பேருக்குப் பக்கத்துல உன் பேரு நின்னுது."

"பின்ன ஏன்டே சொல்லல்ல? நான் உன்னைய யூதாஸ்ணு சொன்ன அன்னைக்காவது..."

கிருஷ்ணமணி அவரை நிமிர்ந்து பார்த்தான். "சொன்னா நம்பியிருப்பியா?"

ரசலையன் யோசித்தார். பொய் சொல்லலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அந்த நாள் கண்முன் வந்தது. கிருஷ்ணமணி ஜெஸ்மியின் பெயரைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? கள்ளன் பழியை என் தலையில் போடப் பார்க்கிறான், அதுவும் எங்கள் சொந்தக்காரப் பிள்ளையை இழுத்து, என்று இன்னும் கணீரென்று பேசியிருப்பார்.

"இல்ல," என்றார். கண் கலங்கிவிட்டது. துடைக்கவில்லை.

"அதான்," என்றான் கிருஷ்ணமணி. "சும்மா இருந்தேன். எல்லாரும் உன்னப் பிடிச்சு உலுக்கியிருப்பானுவ. எனக்கு அது வேண்டாம்ணு தோணிச்சு. ஜெனரேட்டர் கேட்டு வந்த அன்னைக்கு மட்டும் சொல்லிருவோமாண்ணு இருந்துது."

ரசலையன் நின்ற இடத்திலேயே போனை எடுத்தார். சங்கக் குழுவைத் திறந்து, கிருஷ்ணமணியும் பகவதியும் கேட்கப் பேசினார். குரல் நடுங்கியது. "நான் ரசலையன் பேசுதேன். கிருஷ்ணமணி ஒருத்தரையும் காட்டிக்குடுக்கல்ல. கம்பெனி ஆளக் குழுவுக்குள்ள கூட்டிட்டு வந்தது நானு. தெரியாமச் செய்தேன். அவன் கோர்ட்டுக்குப் போனது ஜஸ்டஸுக்கு ஜாமீன் நிக்க. நாம ஒருத்தரும் போவாத எடத்துக்கு அவன் போனான். நான் சொன்னது ஒக்கக் கள்ளம். எல்லாரும் அவனுக்கு முன்ன மாதிரி சாமான் இரவல் குடுக்கணும், எனக்க கடையில உள்ளதும் அவனுக்க தேவைக்கு எடுத்துக்கிடட்டும்."

அனுப்பினார். ஒருவர் கேட்டார், இருவர் கேட்டார், பெயர்களுக்குப் பக்கத்தில் நீலக் குறிகள் விழுந்தன. பதில் ஒன்றும் வரவில்லை. பகவதி எழுந்து உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். "குடிங்க அண்ணாச்சி," என்று மட்டும் சொன்னாள். அவள் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

போன் அடித்தது. எபிசன். கிருஷ்ணமணியும் கேட்கட்டும் என்று ரசலையன் ஸ்பீக்கரைப் போட்டார். எபிசன் மிக மெல்லப் பேசினான்.

"அத்தான், எங்க இருக்கிய? அவன் வீட்டுலயா?"

"ஆமா."

"பக்கத்துல நிக்கியானா? ஒண்ணும் விளக்கண்டாம், ஆமா இல்லண்ணு மட்டும் பறையுங்க. மெரட்டிப் பேச வச்சானா? எழுதிக்குடுத்து வாசிக்க மாதிரி இருக்குண்ணு எல்லாரும் சொல்லியாவ. நீங்க பயப்படண்டாம். நாங்க ஒரு வண்டியில கிளம்பி வாறோம்."

ரசலையன் கிருஷ்ணமணியைப் பார்த்தார். கிருஷ்ணமணி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏலே எபிசா, ஒருத்தனும் மெரட்டல்ல. எனக்க மனசறிஞ்சு சொல்லுதேன். கர்த்தருக்க பேரச் சொல்லிச் சொல்லுதேன். அவன் ஒரு தப்பும் செய்யல்ல."

எபிசன், "செரி அத்தான்," என்றான்.

அந்தச் செரியை ரசலையனுக்கு நன்றாகத் தெரியும். யாரையும் நம்பாதபோது, மேற்கொண்டு பேச்சு வேண்டாம் என்பதற்காக, வாழ்நாள் முழுக்க அவர் மற்றவர்களிடம் சொல்லிவந்த செரி அது.

போனை வைத்தார். "நம்பிட்டானா?" என்று கிருஷ்ணமணி கேட்டான்.

ரசலையன் தலையைக் குனிந்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.